கூட்டினால் ஐந்து

"எல்லாம் ஓடிட்டுத்தான் இருக்குதுங்களே மேடம்! இதுக்குள்ள எதுக்குங்க சுவரு?"

இன்னாசி இப்படிக் கேட்டார்.

ரமீஜா பையிலிருந்து போனை எடுத்தார்.

"வை-ஃபை பாஸ்வேர்டு என்னண்ணா?"

"ரிசப்ஷன்லயே ஒட்டி வச்சிருக்குதுங்க. வர்றவங்க போறவங்க எல்லாத்துக்கும் அதுதான்."

ரமீஜா எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். போனில் எதையோ தட்டினார். பிறகு திரையை இன்னாசி பக்கம் திருப்பினார்.

மூன்றாவது மெஷின். சூடு தொண்ணூற்றொன்பதரை டிகிரி ஃபாரன்ஹீட். பக்கத்தில் ஒரு பிளஸ், ஒரு மைனஸ்.

இன்னாசி பொறுப்பில் இருக்கும் மெஷின் அது. உள்ளே ஆயிரக்கணக்கில் முட்டைகள், பாதி குஞ்சாகிவிட்டவை.

"இது எப்படிங்க உங்க போனுக்கு வந்துச்சு?"

"நான் விருந்தாளிண்ணா. டீ குடிக்க வந்தவ." ரமீஜா கட்டைவிரலை மைனஸுக்கு மேலே கொண்டுபோனார். "அமுக்கட்டுமா?"

"அய்யோ சாமி! வேண்டாங்க!"

ரமீஜா போனைப் பைக்குள் போட்டார்.

"இப்பக் கேளுங்க. என்னமோ கேட்டீங்களே?"



*

இந்தக் கதையில் யார் குரு, யார் சிஷ்யர் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் மாற்றிப் புரிந்துகொள்வீர்கள், அப்புறம் என்னைத் திட்டுவீர்கள்.

நரைத்த மீசை, தோளில் துண்டு, ஐம்பதைத் தாண்டிய வயது. இது சிஷ்யர்.

ஸ்கூட்டரில் வந்து இறங்கியவர், தோளில் லேப்டாப் பை, முப்பதை இப்போதுதான் தாண்டியவர். இது குரு. தாடி, மரத்தடி என்றெல்லாம் தேடிக்கொண்டு இருக்காதீர்கள்.

இடம் பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு கோழிக்குஞ்சுப் பொரிப்பகம். முட்டையை மெஷினுக்குள் வைத்தால் இருபத்தோராம் நாள் குஞ்சு. நடுவில் சூடு கொஞ்சம் பிசகினாலும் போச்சு, எல்லாம் கூமுட்டை.

முன்பெல்லாம் இன்னாசி தெர்மாமீட்டரும் கையுமாக மெஷினுக்கு மெஷின் நடப்பார். எலக்ட்ரீஷியனாக வந்தவர்தான். அப்புறம் கம்ப்யூட்டர் வைத்த மெஷின்கள் வந்தன. சூட்டை ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். கூடினாலோ குறைந்தாலோ அலாரம் அடிக்கும். அதற்கான வயர், பெட்டி, நம்பர் எல்லாவற்றையும் முதலாளி நாச்சிமுத்து இன்னாசி தலையில்தான் கட்டினார்.

நன்றாகத்தான் ஓடியது. போன ஆயுத பூஜை வரைக்கும்.

அன்றைக்கு வந்த கூட்டத்தில் யாரோ ஒரு புண்ணியவானுடைய போன், மெஷினுடைய நம்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. ஒரே நம்பருக்கு இரண்டு பேர். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்த மெஷினே காணோம். சூடு ஏறினாலும் இறங்கினாலும் சொல்ல ஆள் இல்லை. பொரிகடலையும் சுண்டலும் தின்று கூட்டம் கலையும்வரை இன்னாசி தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு மெஷின் பக்கத்திலேயே நின்றார். முட்டை தப்பித்தது. அவர் உயிர்தான் பாதி போயிற்று.

இப்போது பக்கத்திலேயே புதுக் கட்டடம் எழும்பி நிற்கிறது. பழைய கூடத்தில் இருக்கிற அளவுக்கு அங்கேயும் மெஷின்கள். வெள்ளிக்கிழமை திறப்பு விழா. பண்ணைக்காரர்கள், சொந்தபந்தம், பேங்க்காரர்கள் என்று ஊரே வரப்போகிறது. ஆளுக்கு ஒரு போன், சிலருக்கு இரண்டு. மெஷின்களுக்குள் முட்டை இருக்கும்.

அந்தக் கவலையில்தான் இன்னாசி ரமீஜாவைக் கூப்பிட்டது. சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுக்கிறவர், கரூர்க்காரர். வந்த முதல் நாளே இன்னாசி கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டார்.

"நீங்க செஞ்சு குடுத்துட்டுப் போயிருவீங்க மேடம். அப்புறமும் இதைப் பாத்துக்கோணுமே. எனக்குச் சொல்லிக் குடுங்க."

"சொல்லிக் குடுக்க மாட்டேண்ணா," என்றார் ரமீஜா. "கேள்வி வேணா கேக்கறேன்."

*

"மெஷின் நம்பரெல்லாம் சொல்லுங்க," என்று கேட்டார் ரமீஜா.

வீட்டுக்குக் கதவிலக்கம் மாதிரி, நெட்வொர்க்கில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. ஐ.பி. நம்பர் என்பார்கள். இங்கே எல்லாவற்றுக்கும் முன்பாதி ஒன்றுதான். கடைசியில் வருகிற எண் மட்டும் மாறும். பூஜ்யத்திலிருந்து இருநூற்றைம்பத்தைந்து வரைக்கும் போகும், அவ்வளவுதான்.

இன்னாசி மனப்பாடமாகச் சொன்னார்.

"அஞ்சு, பதினாலு, இருபத்திமூணு, முப்பத்திரண்டு, நாப்பத்தொண்ணு, அம்பது. அப்புறம் நூத்திநாலு, நூத்திப்பதிமூணு..."

இருநூற்று மூன்றில் போய் நிறுத்தினார்.

ரமீஜா புருவத்தைத் தூக்கினார். "ஏண்ணா, பஸ்ஸுல துண்டு போட்டு சீட்டுப் பிடிச்ச மாதிரி அங்கொண்ணு இங்கொண்ணு?"

"கூட்டிப் பாருங்க மேடம்."

"என்னத்தைக் கூட்ட?"

"நம்பரைத்தானுங்க. ஒண்ணும் நாலும் அஞ்சு. ரெண்டும் மூணும் அஞ்சு. எதைக் கூட்டினாலும் அஞ்சுதான் வரும்." இன்னாசி குரலைத் தாழ்த்தினார். "முதலாளிக்கு அஞ்சுதான் ராசி. கோயமுத்தூர் ஜோசியர் ஒருத்தர் கணிச்சுக் குடுத்தாருங்க. முட்டை இருக்கற மெஷினுக்கு அஞ்சுல வர்ற நம்பர்தான் குடுக்கோணும்னு முதலாளி சொல்லிட்டார்."

"நீங்க நம்பறீங்களா?"

"நான் சர்ச்சுக்குப் போறவனுங்க. எனக்கு நல்ல நேரம், கெட்ட நம்பர் ஒண்ணும் கிடையாது. ஆனா அவரு நம்பறாரே!"

"மிச்ச நம்பரெல்லாம்?"

"ஆபீசுக்கு, கேமராவுக்கு, வர்றவங்க போனுக்குன்னு அதது பாட்டுக்கு எடுத்துக்கும்."

இப்படியொரு தப்பைச் செய்ய நம் ஊரில் பிறந்திருக்க வேண்டும். ரமீஜா சிரிப்பாரென்று இன்னாசி எதிர்பார்த்தார். ரமீஜா சிரிக்கவில்லை.

"உங்க துண்டைக் குடுங்க," என்றார்.

*

துண்டை மேசைமேல் நீளமாக விரித்தார். டீயோடு வந்த வேர்க்கடலைப் பொட்டலத்தை இன்னாசி முன்னால் நகர்த்தினார்.

"இந்த முனை பூஜ்யம். அந்த முனை இருநூத்தம்பத்தஞ்சு. மெஷின் எங்கெங்க இருக்குதோ அங்கெல்லாம் ஒரு கடலை வைங்க."

இன்னாசி வைத்தார். துண்டு முழுக்கக் கடலை.

"இப்ப மடிங்க. பாதியா மடிக்கலாம், அந்தப் பாதியை இன்னொரு பாதியா மடிக்கலாம். அப்படியே போகலாம். வேற மாதிரி மடிக்கக் கூடாது."

"ஏனுங்க?"

"நெட்வொர்க்கைப் பிரிச்சா வர்ற துண்டை சப்நெட்டும்பாங்க, அது அப்படித்தான் பிரியும். ஒரு மடிப்புல இருக்கறவங்க இன்னொண்ணுக்குள்ள நுழையாமத் தடுக்கற சுவரு, மடிப்பு விழுற இடத்துலதான் நிக்கும். நம்ம இஷ்டத்துக்கு நடுவுல வராது. எல்லாக் கடலையும் ஒரே மடிப்புக்குள்ள வரோணும், அதுல வேற யாரும் இருக்கக் கூடாது. மடிங்க."

இன்னாசி பாதியாக மடித்தார். ஒன்பது கடலை இந்தப் பக்கம், மிச்சம் அந்தப் பக்கம். கால்வாசியாக மடித்தார். கடலை உருண்டு தரையில் விழுந்தது. மறுபடி விரித்து, மறுபடி வைத்து, மறுபடி மடித்தார். நெற்றி வியர்த்தது.

ரமீஜா கீழே விழுந்ததையெல்லாம் பொறுக்கி, ஊதித் தின்றுகொண்டிருந்தார்.

"வரலைங்க மேடம்."

"வராதுண்ணா."

"அப்ப நம்பரை மாத்தோணும்."

"ம்."

இன்னாசி நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். "அதைய மட்டும் என்னால முடியாதுங்க."

"ஏன்?"

"இத்தனை வருசமா முதலாளி என்னை ஒரு சொல்லு சொன்னதில்லைங்க. என் பொண்ணு படிப்புக்கு, என் சம்சாரம் ஆபரேசனுக்கு, நான் வாய் திறக்கறதுக்கு முன்னாடி வந்து நின்னவரு. அவரு நம்பற ஒரே ஒரு விசயம் இந்த நம்பருதான். அதைய நான் கலைக்கறதா?"

ரமீஜா துண்டை உதறி, மடித்து, அவரிடம் கொடுத்தார்.

"முட்டையைக் கேளுங்கண்ணா, என்ன சொல்லுதுன்னு."

*

இரண்டு நாள் இன்னாசி ரமீஜா கண்ணில் படாமல் சுற்றினார்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு திட்டத்தோடு வந்தார். ராசி நம்பரையும் காப்பாற்றி, மெஷினையும் பிரிக்க ஒரு வழி. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு தனித் துக்கடா. துண்டைக் கந்தல் கந்தலாகக் கிழித்த மாதிரி ஒரு படம். ரமீஜா அதைப் பார்த்தார், பிறகு இன்னாசியைப் பார்த்தார்.

"ஒரு மெஷினுக்கு ஒரு வீடு கட்டியிருக்கீங்க. திண்ணைக்குத் திண்ணை சுவரு. இதைய நீங்க லீவு போட்டா யாரு பாக்கறது?"

இன்னாசி படத்தை வாங்கிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.

"நீங்களே நம்பரைச் சொல்லிருங்க மேடம். கையெடுத்துக் கும்பிடறேன். நீங்க சொல்றதை அப்படியே போட்டுடறேன்."

"சொல்ல மாட்டேன்."

"தப்பாப் போயிருச்சுன்னா?"

"உக்காந்து திருத்துவோம். ரெண்டு பேரும்."

அந்த 'ரெண்டு பேரும்' என்ற வார்த்தை இன்னாசியை என்னவோ செய்தது. காலேஜ் படித்த எத்தனையோ பேர் இந்தப் பொரிப்பகத்துக்கு வந்து போயிருக்கிறார்கள். வருவார்கள், கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்ப்பார்கள், பில்லைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார் என்று யாரும் சொன்னதில்லை. இந்தப் பெண் சொல்கிறார். இன்னாசி மனதுக்குள் அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டார்.

உட்கார்ந்து போட ஆரம்பித்தார். ராசி நம்பரை மறந்துவிட்டு, முதல் தடவையாகத் தன் தலையிலிருந்து நம்பர் போட்டார்.

ஆபீசுக்கு ஒரு மடிப்பு. வருகிறவர்கள் போனுக்கு ஒரு மடிப்பு. மெஷின்களுக்கு ஒரு சின்ன மடிப்பு, முப்பத்திரண்டு நம்பர். அதில் பழைய கூடம், புதுக் கூடம் இரண்டும் அடங்கிவிட்டன. அப்புறமும் கொஞ்சம் மீதி இருந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை. அந்த மீதியில் கேமராக்களைக் கொண்டுபோய்ச் செருகினார்.

"பாருங்க மேடம். ஒரு நம்பர்கூட வீணாகலை!"

பெருமை தாங்கவில்லை அவருக்கு. மீசை துடித்தது.

"வாங்கண்ணா, மெஷினைப் பாக்கலாம்," என்றார் ரமீஜா.

*

கூடத்துக்குள் நுழைந்ததும் வெதுவெதுவென்று ஒரு வாடை. இன்னாசி ஒரு மெஷினைத் திறந்து காட்டினார். உள்ளே தட்டு தட்டாக முட்டைகள். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே இடைவெளி, பின் சுவரை ஒட்டியும் இடைவெளி.

ரமீஜா குனிந்து பார்த்தார்.

"இத்தனை இடம் சும்மா கிடக்குதே. இன்னும் நாலு தட்டு செருகலாமே?"

இன்னாசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆஹா, குருவுக்கே தெரியாத ஒன்று!

"நல்லாக் கேட்டீங்க போங்க! செருகினா காத்து எப்படி மேடம் போகும்? அது வீண் இடம் இல்லைங்க. அந்த இடம் இருக்கறதுனாலதான் முட்டை..."

அங்கேயே நின்றுவிட்டார்.

ரமீஜா ஒன்றும் தெரியாதவர் போல அடுத்த மெஷினைப் பார்க்கப் போனார்.

"மேடம்."

"ம்?"

"முதலாளி அடுத்த வருசம் இன்னொரு கூடம் கட்டுவாருங்களா?"

"என்னையக் கேட்டா? அவரைக் கேட்டீங்களா?"

"இல்லைங்க."

"கேட்டிருக்கலாம்."

இன்னாசி கதவைச் சாத்தினார். நேரே ஆபீசுக்குப் போய், கேமராக்களைப் பிடுங்கி வேறொரு மடிப்பில் போட்டார். மெஷின்களுக்கு இரண்டு மடங்காக ஒரு மடிப்பு ஒதுக்கினார். அறுபத்தைந்தில் ஆரம்பித்து வரிசையாக நம்பர் கொடுத்தார். பாதிக்கு மேல் காலி. காலியைப் பார்க்க அவருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் வலித்தது, இருந்தாலும் தொடாமல் விட்டார்.

ரமீஜா பார்த்தார். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை.

கேள்வி கேட்காததே பெரிய பாராட்டு என்பது இன்னாசிக்கு அதற்குள் தெரிந்திருந்தது. "ரொம்ப நன்றிங்க மேடம்" என்று சொல்ல வாயெடுத்தார்.

"இப்ப முதலாளிகிட்டப் போய்ச் சொல்லிட்டு வாங்க," என்றார் ரமீஜா.

வாயெடுத்த நன்றி அப்படியே உள்ளே போய்விட்டது.

"நீங்க வந்து சொல்லக் கூடாதுங்களா?"

"நான் விருந்தாளிண்ணா."

"நாளைக்கு விழா மேடம்! சொல்லாமயே மாத்திட்டா என்ன? அவருக்கெங்க தெரியப்போகுது?"

ரமீஜா லேப்டாப்பை மூடினார். பைக்குள் வைத்தார். பையின் ஜிப்பை இழுத்தார்.

"போறேன், போறேன்!" என்று பதறினார் இன்னாசி. "உக்காருங்க தாயி."

*

நாச்சிமுத்து புதுக் கட்டடத்து வாசலில் நின்று வாழைமரம் கட்டுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். எழுபதை நெருங்கிய ஆள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் மூடாத தண்ணீர் பாட்டில்.

"முதலாளி, ஒரு விசயமுங்க."

"சொல்லு."

"மெஷின் நம்பரெல்லாம் மாத்தோணுமுங்க."

நாச்சிமுத்து திரும்பினார்.

இன்னாசி ஒரே மூச்சில் கொட்டினார். விருந்தாளி போன், மைனஸ் பட்டன், மடிப்பு, சுவர், எல்லாம். "ஜோசியர் குடுத்த நம்பரை வச்சுக்கிட்டுச் சுவரு வைக்க முடியலைங்க. எப்படி எப்படியோ முயற்சி பண்ணிட்டேன். சுவரு இல்லாட்டி நாளைக்கு வர்ற கூட்டத்துல முட்டைக்குப் பாதுகாப்பு இல்லைங்க. உங்க ராசி நம்பரு... அதுல ஒண்ணுகூட மிஞ்சாது."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"புது நம்பரு யாரு போட்டது?"

"நானுங்க."

"அந்தப் பொண்ணு சொல்லிச்சா?"

"இல்லைங்க. அவங்க கேட்டாங்க, நான் போட்டேன்."

"பயமா இல்லையா உனக்கு?"

"இருக்குதுங்க."

நாச்சிமுத்து அவரையே பார்த்தார். முகத்தில் என்னவோ ஓடியது. கண் லேசாகக் கலங்கின மாதிரிகூட இருந்தது. பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி. மாத்து."

"முதலாளி..."

"மாத்துன்னேன்ல? டேய், அந்த மரத்தை நேரா நிறுத்துங்கடா!"

நோகடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே இன்னாசி திரும்பி நடந்தார். வாழ வைத்தவர் மனதை நோகடித்துவிட்டேன்.

*

மாற்றினார்கள். ஒரு மெஷினை எடுப்பது, நம்பரை மாற்றுவது, சூடு சரியாகத் தெரிகிறதா என்று பார்ப்பது, அடுத்ததற்குப் போவது. மாற்றும்போது சூடு நிற்காது, ஆபீசில்தான் கொஞ்ச நேரம் தெரியாமல் போகும். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் இன்னாசி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நம்பரை அவர்தான் தட்டினார். ரமீஜா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

கடைசி மெஷினும் ஆபீஸ் திரையில் வந்ததும் ரமீஜா தன் போனை எடுத்து நீட்டினார். "இப்ப நீங்க விருந்தாளி. மெஷினைத் திறங்க."

இன்னாசி தட்டினார். சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. திறக்கவில்லை.

அவர் போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அண்ணா, அது என் போனு," என்றார் ரமீஜா.

*

வெள்ளிக்கிழமை.

ஊரே திரண்டுவிட்டது. காது கிழிய நாதஸ்வரம். ஆளாளுக்குப் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள், எடுத்ததை அங்கேயே நின்று அனுப்பினார்கள். இன்னாசி ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை. ஆபீஸ் திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். பழைய கூடம், தொண்ணூற்றொன்பதரை. புதுக் கூடம், தொண்ணூற்றொன்பதரை. கண் இமைக்கப் பயமாக இருந்தது.

நாச்சிமுத்துவின் மச்சான் ஒருத்தர், கழுத்தில் மைனர் செயின், வேகமாக உள்ளே வந்தார்.

"ஏப்பா இன்னாசி! என்ன நெட்டு வச்சிருக்கீங்க? போனு கனெக்ட்டே ஆகமாட்டேங்குது! எனக்கு மட்டுமில்ல, பாதிப் பேருக்கு இல்லை!"

இன்னாசி திரையைப் பார்த்தார். விருந்தாளி மடிப்பு நிரம்பி வழிந்தது. ஒரு நம்பர் பாக்கி இல்லை. மெஷின் மடிப்பில் ஓர் அசைவு இல்லை. மெஷின்கள் பாட்டுக்கு அமைதியாக ஓடிக்கொண்டிருந்தன.

மச்சான் சொன்னது அவர் வயிற்றில் பால் வார்த்தது.

"வராதுங்க!" என்று எழுந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு வராதுங்க! ரொம்ப நன்றிங்க! நல்லா இருங்க!"

மச்சான் பயந்துபோய் வெளியே போனார்.

வெளியே பந்தியில் ரமீஜா இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். இன்னாசி ஓடிப்போய்ப் பரிமாறுகிறவரிடமிருந்து வாளியை வாங்கி, தன் கையாலேயே பாயசம் ஊற்றினார். இலையைத் தாண்டி வழிந்தது.

"போதும்ணா, போதும்!"

"உங்களுக்கு என்ன செய்வேன் மேடம்? எப்படி இந்தக் கடனை..."

"இன்னும் கொஞ்சம் அப்பளம் கிடைக்குமா?" என்றார் ரமீஜா.

*

கூட்டம் கலைந்தது. சாயங்கால வெயில் கூடத்து வாசலில் சாய்ந்தது. இன்னாசி பழைய கூடத்தில் ஒவ்வொரு மெஷினாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். நாச்சிமுத்து அங்கே வந்தார், தனியாக.

முட்டை பிழைத்த சந்தோசத்தை முதலாளி மனது நொந்த வருத்தம் கடித்துக்கொண்டே இருந்தது. இன்னாசிக்கு இனிமேலும் தாங்காது.

"முதலாளி, என்னை மன்னிச்சிருங்க."

"எதுக்கு?"

"நீங்க சாமியா நம்பின நம்பரு. கோயமுத்தூர் ஜோசியர் உங்களுக்காகக் கணிச்சது. ஒண்ணு விடாம அழிச்சுப்போட்டேன்."

"எந்த ஜோசியரு?"

"அதானுங்க... அஞ்சுதான் உங்களுக்கு ராசின்னு..."

நாச்சிமுத்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கால் வலி போலிருக்கிறது, முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"அப்படி ஒரு ஆளே கிடையாதுப்பா. அந்த நம்பரெல்லாம் நாந்தான் வீட்டுல உக்காந்து கூட்டிக் கூட்டி எழுதினேன்."

இன்னாசிக்கு ஒன்றும் புரியவில்லை. "எதுக்குங்க முதலாளி?"

"முதல் கம்ப்யூட்டர் மெஷின் லாரியில வந்து இறங்கின அன்னைக்கு நீ எங்கிட்ட என்ன சொன்னே?"

இன்னாசி யோசித்தார். ஞாபகம் வந்தது.

"இது எனக்கு வேண்டாங்க, ஊருக்கே போயிடறேன்னு சொன்னேனுங்க. நான் ஒரு நம்பரைத் தப்பாப் போட்டு, அதுனால முட்டை கெட்டுப்போச்சுன்னா, அப்புறம் உங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்னு..."

"அழுதே."

"ஆமாங்க. அழுதேன்."

நாச்சிமுத்து எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"நம்பரு தப்பாப் போனா பழி போட ஒரு ஆளு வேணுமில்ல? உம்மேல போட எனக்கு மனசு வரலை. அதான் ஒரு ஜோசியரை உண்டு பண்ணினேன்."